ஐரின் படித்துக் காட்டிய மனு

திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை காலை போய் நின்றால் ஐரினைத் தேட வேண்டியதில்லை. குரலே காட்டிக் கொடுத்துவிடும். ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் அட்டை, காலடியில் மைப்பெட்டி, வாயில் ஓயாத திட்டு. மனு எழுதிப் பிழைக்கும் பெண்மணி. கணவர் ஆரோக்கியதாஸ் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர். அவர் போன மறு மாதம் இவள் வந்து உட்கார்ந்தாள். வருடம் இருபத்திரண்டு ஓடிவிட்டது.

எழுத்தில் ஐரினை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டாவோ பென்ஷனோ, அவள் எழுதினால் தாசில்தார் இரண்டாம் தடவை படிப்பார். அவளுக்கு ஒரு சட்டமும் உண்டு. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மனு முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டாமல் அவர்கள் விரலை மையில் வைக்க விடமாட்டாள். அது ஆரோக்கியதாஸ் வைத்துவிட்டுப் போன வழக்கம்.

வாய்தான் கேடு. "கையெழுத்தே போடத் தெரியல, கலெக்டரு மட்டும் தெரியணுமாக்கும்" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது சொல்லிவிடுவாள். சொன்னதோடு விட்டாளா? சாயங்காலம் வீட்டில் சோறு போடும்போது, வந்தவர்கள் திக்கித் திணறியதை அப்படியே நடித்தும் காட்டுவாள். மகன் பிரின்ஸ் புரையேறச் சிரிப்பான். அப்பா இல்லாத பிள்ளை சிரிக்கிறானே என்று அவளுக்கும் சந்தோஷம்.

அந்தப் பிரின்ஸ் இரண்டு வருடம் வேலையில்லாமல் கட்டிலைத் தேய்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்புதான் பைபாஸ் பக்கம் புதிதாக வந்த ஏசி தியேட்டரில் சேர்ந்திருந்தான். டிக்கெட் பார்த்து சீட் காட்டும் வேலை. நெஞ்சில் பெயர்ப் பட்டை குத்திய சட்டையோடு அவன் முதல் நாள் கிளம்பியபோது ஐரின் தெருமுனை வரைக்கும் கூடவே போனாள்.

போன திங்கட்கிழமை சேவுகம்பட்டியிலிருந்து கருப்பம்மாள் வந்தாள். பூந்தோட்டத்தில் கூலிக்குப் பூ எடுக்கிறவள். வயது அறுபதை நெருங்கும்.

"என்ன மனு?" என்றாள் ஐரின், தலையைத் தூக்காமல்.

"சினிமா கொட்டாயில ஒருத்தன் எங்கள அசிங்கமாப் பேசிட்டான்மா. கலெக்டருகிட்டச் சொல்லணும்."

ஐரினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சினிமா கொட்டாய்க்கும் கலெக்டருக்கும் என்னம்மா சம்பந்தம்? கலெக்டரா டிக்கெட் கிழிக்கிறாரு? கையெழுத்தே போடத் தெரியல..." என்று ஆரம்பித்தவள், அன்றைக்குக் கூட்டம் குறைவு, வந்த ஆளை விடக் கூடாது என்று நிறுத்தினாள். "எந்தத் தியேட்டரு?"

கருப்பம்மாள் சொன்னாள். ஐரின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அட, அங்கதான் என் மகன் வேலை பாக்குறான். மனுவ மேனேஜருக்கு எழுதுவோம், நானே கூட வாரேன். எவன் பேசுனான்னு என் மகனக் கேட்டா செத்த நேரத்துல ஆளக் காட்டிருவான்."

"நல்லாருப்பீக தாயி" என்று கருப்பம்மாள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பாரம் பாதி இறங்கிவிட்டது அவளுக்கு.

நடந்தது இதுதான். அவள் வீட்டுக்காரர் நல்லுசாமிக்குக் கண்ணில் புரை வளர்ந்து ஆறு வருடமாக எல்லாம் மங்கல். போன மாதம் முகாமில் ஆபரேஷன் ஆனது. பார்வை திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பெரிய திரையில் ஒரு சினிமா. புதன்கிழமை பஸ் ஏறி வந்தார்கள். டிக்கெட்டில் போட்டிருந்த இட எண் இருவருக்கும் புரியவில்லை. காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். படம் ஆரம்பித்ததும் அந்த இடத்துக்கு உரியவர்கள் வந்து நின்றார்கள்.

"டார்ச் லைட்டோட வந்தான்மா. நேரா அவரு கண்ணுல அடிச்சான். ஆபரேசன் பண்ண கண்ணுப்பான்னு கையெடுத்துக் கும்புட்டேன், எடுக்கல. அம்புட்டு ஆளுக்கு முன்னால ஒண்ணு சொன்னான் பாருங்க." கருப்பம்மாள் குரலை ஏற்றினாள். "சீட்டு நம்பரே படிக்கத் தெரியல, சினிமா மட்டும் தெரியணுமாக்கும். அப்படின்னான். சொல்லிட்டு அவரு மாதிரியே கையத் தடவித் தடவி நடந்து காட்டுனான். சனமெல்லாம் சிரிச்சிருச்சு."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஐரினின் பேனா நின்றுவிட்டது.

"எந்திரிச்சு வந்துட்டோம். அன்னைக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடிய இன்னும் அவரு கழட்டல. கண்ணு வந்து என்னத்தக் கண்டேன்ங்கிறாரு."

"ஆளு... ஆளு எப்பிடி இருந்தான்?"

"சட்டையில பேரு இருந்துச்சு, எனக்குப் படிக்கத் தெரியாதே. எடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு."

மூன்றாம் வகுப்பில் பிரின்ஸ் மாதா கோயில் படியில் விழுந்து கிழித்துக்கொண்ட புருவம். ரத்தம் சொட்டச் சொட்ட அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவளே ஐரின்தான். ஆள் அவன்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தழும்பைக் கேட்டதால் அல்ல. தழும்பைச் சொல்வதற்கு முன்பே, அந்த வார்த்தையைக் கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நடிப்பும் தெரியும். அது அவள் வீட்டுச் சரக்கு.

அட்டையில் தாளை வைத்து எழுதினாள். கை தன் போக்கில் மழுப்பியது. 'ஊழியர் ஒருவர் சற்று மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்' என்று நாலு வரியில் முடித்துவிட்டாள். பிறகு வழக்கப்படி படித்துக் காட்டினாள்.

கருப்பம்மாள் விரலை நீட்டவில்லை. "அவன் சொன்னத விட்டுட்டீங்களேம்மா."

இருபத்திரண்டு வருடத்தில் ஐரினின் மனுவில் ஒருவரும் குறை சொன்னதில்லை. அவள் அந்தத் தாளைக் கிழித்தாள். புதுத் தாளில் டார்ச், கும்பிட்ட கை, அந்த வார்த்தை, நடந்து காட்டியது என ஒன்று விடாமல் எழுதினாள். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் பிரின்ஸ் என்று எழுதியபோது அந்த நாலு எழுத்துக்கும் அவ்வளவு நேரம் பிடித்தது. மறுபடி படித்தாள். பெயரை மட்டும் விழுங்கிவிட்டாள். அந்த வார்த்தை வந்தபோது கருப்பம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அவன் சொன்ன ராகம் அப்பிடியே வருதும்மா உங்களுக்கு" என்றபடி பெருவிரலை மையில் தொட்டுத் தாளின் அடியில் வைத்தாள்.

ஆட்டோ பிடித்து இருவரும் தியேட்டருக்குப் போனார்கள்.

மேனேஜர் ஃபாரிஸ், பேகம்பூர்க்காரர். இளவயசு. கருப்பம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து, மனுவைக் கையில் வாங்காமலே விஷயத்தைக் கேட்டார். தழும்பு என்றதும் ஆளை வரச் சொன்னார்.

பிரின்ஸ் உள்ளே வந்தான். "என்னம்மா, நீ இங்க?"

கருப்பம்மாள் அவனைப் பார்த்தாள். ஐரினைப் பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இப்பிடிப் பேசுனியா?" என்று ஃபாரிஸ் கேட்டார்.

அவன் மறுக்கவில்லை. அவனுக்கு அது தப்பென்றே புரியவில்லை, அதுதான் கொடுமை. "சும்மா தமாசுக்குச் சொன்னது சார். எங்கம்மா டெய்லி சொல்றதுதான்" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

ஃபாரிஸ் ஐரினிடம் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, வாயால சொல்லிட்டுப் போனீங்கன்னா நான் இவனக் கண்டிச்சு வச்சுக்கிறேன். எழுத்துல குடுத்தா முதலாளிக்கு அனுப்பியே ஆகணும். இவனுக்கு வேலை நிலைக்காது."

வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதிக் கொடு என்று ஊர் முழுக்கச் சொன்னவள் ஐரின். இப்போது மனுவை நீட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி கட்டிலில் கிடக்கப்போகும் மகன் கண்ணுக்குள் வந்தான். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும், அவள் பார்த்தேயிராத ஒரு மனிதரும் வந்தார்.

"உங்க பிள்ளைம்மா" என்றாள் கருப்பம்மாள். "நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சரி."

ஐரின் மனுவை மேஜைமேல் விரித்தாள். பேனாவைத் திறந்தாள். எதிர்மனுதாரர் என்ற இடத்தில், பிரின்ஸுக்கு முன்னால் இரண்டு என்று போட்டு, அவனுக்கு மேலே ஒன்று என்று போட்டு எழுதினாள்.

"என்னம்மா எழுதுறீக?" என்றாள் கருப்பம்மாள்.

ஐரினுக்கு வழக்கம் வழக்கம்தான். உரக்கப் படித்தாள். குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. "எதிர்மனுதாரர்கள். ஒன்று, ஐரின். மேற்படி வார்த்தையை வீட்டில் தினமும் சொல்லிப் பழக்கியவர். இரண்டு, இவர் மகன் பிரின்ஸ்."

பிரின்ஸ் நெஞ்சிலிருந்த பெயர்ப் பட்டையைக் கையால் மூடிக்கொண்டான்.

"புதுசா எழுதுனதுக்கும் ஒரு கைநாட்டு வேணும்க்கா" என்றாள் ஐரின். கைநாட்டு வைக்க வந்த ஒருத்தியை அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள்.

கருப்பம்மாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெருவிரலை மையில் அழுத்தி, ஐரின் என்ற பெயருக்குப் பக்கத்தில் வைத்தாள்.