சுண்ணாம்பு அடித்த முக்கோணம்

எங்கள் தெருமுனையில் இருந்த பண்ணையின் நெற்களஞ்சியச் சுவரில், குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் ஒருநாள் சிவப்பு முக்கோணம் வரைந்துவிட்டுப் போனார்கள். நேரம் பார்த்துத்தான் வரைந்தார்கள். கூலியை உயர்த்தச் சொல்லி அப்பாவும் மற்றவர்களும் அறுவடைக்கு இறங்காமல் இருந்த சமயம் அது. சிவப்பாக எதைப் பார்த்தாலும், பண்ணையை நிர்வகித்த காரியக்காரருக்குச் செங்கொடிச் சங்கம் என்றே தோன்றும்.

குடவாசலிலிருந்து வரும் நர்சம்மா அந்தச் சுவரடியில்தான் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். "அடுத்த வாரம் நான் வர்றப்ப, கல்யாணம் ஆகப்போற பொண்ணுங்களும் வாங்க. கூச்சப்படாம கேளுங்க, தனியா சொல்றேன்" என்றார்.

அக்காவுக்குப் பதினாறு வயது. தை பிறந்தால் கல்யாணம். அவளோடு நடவுக்குப் போன சிநேகிதி ஒருத்தி, கல்யாணமான வருஷமே பிரசவத்தில் செத்துப்போயிருந்தாள். அந்தப் பயம் அக்காவை விடவில்லை. உடனே பிள்ளை உண்டாகாமல் இருக்க வழி உண்டா என்று அம்மாவிடம் கேட்டே விட்டாள். "வயசுப் பொண்ணு பேசுற பேச்சாடி இது?" என்று அம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அக்காவுக்கு நர்சம்மா ஒருவர்தான் நம்பிக்கை.

சொன்னபடி நர்சம்மா வந்தார். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். பாயை விரித்து முடிப்பதற்குள் காரியக்காரர் தடியாட்களோடு வந்துவிட்டார்.

"பண்ணைச் சுவத்துலயே சின்னம் போட்டு, பொம்பளைங்களையும் சங்கத்துல சேக்குறீங்களா?"

இது சங்கமில்லை என்று காட்ட, நர்சம்மா பையிலிருந்த படங்களை எடுத்து விரித்தார். அவற்றைப் பார்த்த மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னிலும் பலமாகக் கத்தினார். நர்சம்மாவை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, சாயங்காலத்துக்குள் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். நர்சம்மா பிறகு எங்கள் தெருப் பக்கம் வரவேயில்லை.

தையில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அடுத்தடுத்து மூன்று பிரசவம். மூன்றாவதில் போய்விட்டாள்.

என் கல்யாணத்துக்கு முன்பு அம்மா என்னை அடுப்படியில் உட்காரவைத்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பிறந்த பிறகு அதே நர்சம்மாவிடம் அவள் போய் வந்திருக்கிறாள். "தெரிஞ்சிருந்தும் அவகிட்ட வாயத் திறக்கலியே நான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சுண்ணாம்பு அடித்த அன்று அக்கா அந்தச் சுவரையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். படத்தை அழித்துவிட்டார்களே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, நான் செங்கல் துண்டைத் தேடி எடுத்து வந்து எங்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக ஒரு முக்கோணம் வரைந்து காட்டினேன்.

"இது பேசுமாடி?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

ஒரு மூலை கோணிவிட்டதால்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.