ஞாயிற்றுக்கிழமை மழையும் நோட்டன் பிரிட்ஜ் பயணமும்

கடந்த ஜூன் மாதம் ஹட்டன் பக்கம் இரண்டு நாள் போய் வந்தேன். சுற்றுலா இல்லை, வேலை. நான் வளிமண்டல விஞ்ஞானி. டிவியில் வானிலை வாசிப்பவரா என்று கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மலை எந்தப் பக்கம், எவ்வளவு மழையை இறக்குகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரு தேயிலைத் தோட்டத்தில் புதிதாகத் தானியங்கி மழைமானி வைக்க இடம் பார்க்கப் போனேன்.

இந்தத் துறைக்கு என்னை இழுத்தது ஒரு ரயில் பயணம். பிறந்தது வலப்பனைப் பக்கத் தோட்டம் ஒன்றில். ஜூனில் எங்களுக்குக் காற்று மட்டும்தான் வரும். உயர்தரம் படிக்கும்போது ஒருமுறை பட்டிப்பொலவில் நனைந்துகொண்டே ரயில் ஏறினேன். அடுத்த சுரங்கத்தைத் தாண்டியதும் பளீரென்று வெயில். பெட்டியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அது மண்டையைக் குடைந்தது. பிறகு பல்கலைக்கழகம், வெளிநாட்டில் நான்கு வருடம், இப்போது கண்டியில் விரிவுரையாளர் வேலை. தோட்ட ஆபீஸ்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தினமும் காலை எட்டரைக்கு மழை அளந்து புத்தகத்தில் எழுதுவார்கள். பத்து வருடமாக அந்தப் புத்தகங்களைத்தான் நம்பிப் பிழைக்கிறேன்.

ஞாயிறு பகல் 12.15க்குக் கண்டியில் பஸ் ஏறினேன். நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குச் சுமார் 70 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், 310 ரூபாய். மழைக்காலத்தில் சன்னல் ஓர இருக்கைக்கு ஆசைப்பட வேண்டாம். கினிகத்தேனையிலேயே என் வலது தோள் நனைந்துவிட்டது. ஹட்டனில் அறை 4,500 ரூபாய். சுடுதண்ணீர் உண்டு என்றார்கள். இருந்தது, ஏழு நிமிடம்.

திங்கள் காலை 7.10க்கு செல்வத்தின் த்ரீவீலரில் கிளம்பினேன். நோட்டன் பிரிட்ஜ் 17 கிலோமீட்டர். அதற்குச் சற்று முன்னால் மேலே பிரியும் தோட்டத்து ரோட்டில் இன்னும் மூன்று. அரை நாளுக்கு 4,500 ரூபாய் பேசினோம்.

"நேத்து முழுக்க ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சுங்க மிஸ். இன்னைக்குத்தான் கொஞ்சம் பரவால்ல," என்றார் செல்வம். நான் தலையாட்டினேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தோட்டத்து லயத்தில் வரிசையாக இருபத்திரண்டு வீடுகள். மூன்று வருடத்துக்கு முன் பின்பக்க மலையில் மண் சரிந்து, கடைசி வீட்டின் குசினியை அடுப்போடு சேர்த்து மூடியது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அன்று காலை ஆபீஸ் புத்தகத்தில் எழுதியிருந்த மழை 162 மில்லிமீட்டர். அதை வைத்து ஒரு எல்லை போட்டுக் கொடுத்தவள் நான். லயத்து முகப்பில் அதைப் பலகையாக மாட்டியிருக்கிறார்கள்: 'ஒரு நாள் மழை 150 தாண்டினால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவும்.' நான் எழுதிய கட்டுரைகளை இருபது பேர் படித்திருந்தால் அதிகம். இந்தப் பலகையை இருபத்திரண்டு குடும்பங்கள் தினமும் பார்க்கின்றன. பெருமையாக இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

எட்டரைக்கு ஆபீஸ் முற்றத்தில் மேரி அக்கா மழைமானியைத் திறந்தார். ஆபீஸ் துப்புரவு வேலையோடு மழை அளப்பதும் அவர் பொறுப்பு. அளவுக் குவளையில் ஒருமுறைக்கு 25 மில்லிமீட்டர் பிடிக்கும். ஐந்து முறை நிரப்பிக் கொட்டினார். ஆறாவது முறை 13. மொத்தம் 138.

"ஒரே நாள்ல 138ஆ? இன்னும் பன்னெண்டு பெஞ்சிருந்தா எல்லாரும் கிளம்பியிருக்கணுமே அக்கா," என்றேன்.

"ஒரே நாளு இல்லீங்க மிஸ், ரெண்டு நாளு. நேத்து ஞாயித்துக்கெழமைல்ல, ஆபீசு பூட்டு. கேட் சாவி கிளாக்கர் ஐயாகிட்ட. திங்கக்கெழம வந்து சேத்து அளப்போம்."

"எப்பவும் இப்படித்தானா?"

"நா வந்த நாள்லருந்து இப்படித்தாங்க. எனக்கு முந்தி அளந்தவங்களும் அப்படித்தான். யாரும் கேக்கலையே."

உண்மைதான், நான் கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஞாயிறுதோறும் கட்டம் காலி. கணினியில் ஏற்றியபோது காலிக் கட்டத்துக்கெல்லாம் பூச்சியம் போட்டவள் நான். மண் சரிந்த தேதிக்கு என்ன கிழமை என்று போனில் பார்த்தேன். திங்கள். அந்த 162 இரண்டு நாள் மழை. அதில் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாதி என்று வைத்தாலும், 81 மில்லிமீட்டரிலேயே அந்த மலை அசைந்திருக்கிறது. நானோ 150 வரை இருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டேன்.

கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பலாம், ஒரு மாதம் ஆகும். பலகைக்கு அவ்வளவு நேரம் கொடுக்க முடியாது. தோட்டத் தொழிலாளர் தலைவர் காளிமுத்துவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"போன வருசம் ஒருநா 120ன்னாங்க," என்றார் அவர். "நூத்தம்பது வரலியேன்னு புள்ளைங்கள தூங்க வச்சிட்டு நாங்களும் படுத்துட்டோம்."

காலையில் எடுத்த போட்டோவைப் போனில் அழித்தேன்.

"சரிங்க மிஸ், இப்ப எவ்வளவுன்னு எழுதுறது?"

"சரியா தெரியலங்க. இப்போதைக்கு எழுபத்தஞ்சுன்னு எழுதுங்க. ஞாயித்துக்கெழமையும் தனியா அளந்தாத்தான் மேல சொல்ல முடியும்."

"எழுபத்தஞ்சுன்னா இந்த மாசம் பாதி நாளு பள்ளிக்கூடத்துலதான் குடியிருக்கணும். பாய், அடுப்பு, புள்ளைங்க எல்லாத்தையும் தூக்கிட்டு."

"ஆமாங்க."

அவர் மலையைப் பார்த்தார். பிறகு பெயின்ட் எடுத்து வர ஆளனுப்பினார். "சாவிய நா வாங்கி வச்சிக்கிறேன் மிஸ்," என்றார் மேரி அக்கா. "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற வழியில அளந்துட்டு மெசேஜ் போடுறேன்." புதிய மழைமானி வர இன்னும் சில மாதம் ஆகும். அதுவரை அவர்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டைப் பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஜூனில் பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. குடையை விட மழைக்கோட்டு உதவும். அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். தோட்டத்துக்குள் ஆபீஸில் சொல்லாமல் நுழைய வேண்டாம். என்னைப் போல் எண்களைத் தேடிப் போகிறவர்கள் புத்தகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவராமல், அளக்கிறவரோடு ஒரு காலை நின்று பாருங்கள். நான் பத்து வருடம் தாமதமாக நின்றேன்.

அடுத்த ஞாயிறு காலை 8.42க்கு மேரி அக்காவின் செய்தி வந்தது: "இன்னிக்கு 84. பள்ளிக்கூடத்துக்குப் போறோம்." அன்று நான் போனைக் கீழே வைக்கவில்லை. மாலை இன்னொன்று வந்தது: "மண் சரியல மிஸ். புள்ளைங்கள இழுத்துகிட்டு சும்மா அலஞ்சோம்னு எல்லாரும் ஏசுறாங்க."

"ஏசட்டும் அக்கா," என்று எழுதினேன். "நாளைக்கும் அளங்க."