சம்பந்திக்கு ‘இல்லை’ சொன்ன கார் ஷெட் ஆபீஸ்

1. கார் ஷெட்

இப்போது இதற்கு ‘ஃபேமிலி ஆபீஸ்’ என்று பெயர். வசதியான குடும்பங்கள் தங்கள் முதலீடு, சொத்து, வரி எல்லாவற்றையும் கவனிக்கத் தனி ஆபீஸே வைத்துக்கொள்கின்றன. எண்பதுகளில் அம்பத்தூரில் நான் அந்த வேலையைத் தொடங்கியபோது அதற்குப் பெயர் கிடையாது. என் ஆபீஸ், முதலாளி வீட்டுக் கார் ஷெட்.

முதலாளி துரைசாமிக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்பிரிங் ஃபேக்டரி. அங்கே அக்கவுண்ட்ஸில் இருந்த நான், அவருடைய சின்ன மகன் ஃபேக்டரி கணக்கில் ஸ்கூட்டர் வாங்கிய வவுச்சரைப் பாஸ் பண்ண மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். முதலாளி கூப்பிட்டார்.

“கம்பெனிப் பணம் எது, ஊட்டுப் பணம் எதுன்னு எனக்கே தெரியலம்மா. ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு. நாளைக்கு அடிச்சிக்கக் கூடாது. நீ ஊட்டுக் கணக்கப் பாரு.”

“யார் கேட்டாலும் பேலன்ஸ் ஷீட் பாக்காம பணம் வெளிய போகாது சார். சம்மதமா?”

“நான் கேட்டா கூடவா?”

“உங்களுக்குத்தான் சார் அந்த ரூல் முதல்ல.”

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முதல் ஞாயிறு டிபன் முடிந்ததும் மருமகள்கள் உட்பட எல்லோரும் கணக்குப் பார்க்கக் கார் ஷெட்டில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

2. கை நனைக்காத சம்பந்தி

தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைத்தது. முதலாளியின் மகள் மலரின் மாமனாரும் பூந்தமல்லியில் ஒன்று வைத்திருந்தார். முதலாளி குடும்பத்து நிலம் ஒன்று விற்று, பணம் கைக்கு வந்த நேரம். அவர் விருந்துக்கு வந்தார்.

“பேங்க்ல இன்னா பெருசா குடுக்கறான்? மொத்தத்தையும் நம்ம கம்பெனில போடுங்க சம்பந்தி. ரெண்டு மடங்கு வட்டி.”

பெண் கொடுத்த இடம். முதலாளியால் மறுக்க முடியாது, என்னைப் பார்த்தார். முதல் நாள்தான் மலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். “குடுத்துடச் சொல்லுங்கக்கா. இல்லாங்காட்டி அந்த ஊட்ல என்னால தல நிமிந்து நடக்க முடியாது.” ஆனாலும் சொன்னேன்.

“பேலன்ஸ் ஷீட் குடுங்க சார். பாத்துட்டுச் சொல்றோம்.”

“சம்பந்திகிட்டயே பேலன்ஸ் ஷீட்டா? கேக்கறதுக்கு நீ யாரும்மா?”

“சம்பளக்காரி சார். இவங்களால உங்கள கேக்க முடியாது. அதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க.”

போட்ட இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். “இனிமே இந்தக் குடும்பத்துச் சோத்துல கை நனைக்க மாட்டேன்.”

பொங்கலுக்கு மலரைத் தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை. “பொண்ணையே பறிகொடுத்துட்டனாம்மா?” என்று முதலாளி உடைந்து போனார்.

“கோபம் என் மேலதான் சார். அது அப்படியே இருக்கட்டும். நீங்க எப்பவும் போல சீர் அனுப்புங்க.”

அனுப்பினோம். சம்பந்தி சீரை வாங்கிக்கொண்டு, என்னை மட்டும் வாய் வலிக்கத் திட்டினாராம். எனக்கு உயிர் வந்தது. திட்டு என் பக்கம் வரும்வரை மலர் பத்திரமாக இருந்தாள்.

3. திருமுல்லைவாயில் வீடு

பிறகு அந்த ஃபைனான்ஸ் கம்பெனியின் ஷட்டர் இறங்கியது. சம்பந்தி மோசக்காரர் இல்லை. லாரிகளுக்குக் கடன் கொடுத்த பணம் திரும்பவில்லை. டெபாசிட் போட்டவர்கள் வாசலில் நின்றபோது, குடியிருந்த வீட்டை விற்றுக் கொடுத்தார். மலர் குடும்பம் தெருவுக்கு வரும் நிலை.

அந்த ஞாயிறு கார் ஷெட்டில் யாரும் வேறு பேச்சு பேசவில்லை. நிலம் விற்ற பணம் முழுசாக இருந்தது. அதில் திருமுல்லைவாயிலில் மலர் பேரில் வீடு வாங்கினோம். ஸ்கூட்டர் வாங்கிய சின்ன மகன்தான் முதலில் சரி என்றான்.

கிரகப்பிரவேசத்தில் சம்பந்திக்கு நான்தான் இலை போட்டேன். அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: “இன்னா சம்பளக்காரி, நான் இங்க கை நனைக்கலாமா? உன் ரூல்ஸ் இன்னா சொல்லுது?”

“இது மலர் வீடு சார். அவங்களைத்தான் கேக்கணும்.”

மலர் சோறு போட்டு நெய் ஊற்றினாள். தலை நிமிர்ந்துதான் நின்றாள். அவர் சாப்பிட்டார்.

இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஷேர், ஃபண்ட் எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான். குடும்பம் சொல்ல முடியாத ‘இல்லை’யை நீங்கள் சொல்லுங்கள். அதற்கு வரும் திட்டையும் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.