பொங்கலுக்குப் போட்ட மாத்திரை

தொண்ணூறுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில், மனைவியை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு மதுரை கூட்டிப்போனேன். நான்கு வருடங்களுக்கு முன் அவள் இடது மார்பில் சாதாரணக் கட்டி ஒன்றை எடுத்திருந்தார்கள். அந்தத் தழும்புக்கு அடியில் மறுபடி ஏதோ கையில் தட்டுப்பட்டது. அது தழும்பா, புற்றா என்று எக்ஸ்ரேயில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஸ்கேன் அறை வாசலில் தோடு, வளையல், தாலிச் செயின் எல்லாம் கழன்று என் கைக்கு வந்தன. படிவம் நிரப்பிய பெண், மாதவிலக்குத் தேதி கேட்டாள். மனைவி என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“இந்த மாசம் இன்னும் வரல.”

அரை மணி நேரம் குப்புறப் படுத்தே கிடந்தாளாம். “மூச்சு விட்டா படம் கெட்டுருமோன்னு பயந்தேன்” என்றாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஊசியில் ஏற்றிய மருந்தை உறிஞ்சிய இடம் வெள்ளையாகத் தெரியும் என்றார். இரண்டு மார்பிலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை. டாக்டரம்மா படிவத்தில் மாதவிலக்குத் தேதி இருந்த இடத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, நாள் தள்ளிப்போக மாத்திரை போடுறீங்களா?”

“பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்க நேந்திருக்கேன்.”

“என்ன வேண்டுதல்?”

“இது ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதான்.” படத்தைக் காட்டினாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அந்த மாத்திரையில நல்ல சதையும் மருந்த உறிஞ்சும். இந்த வெள்ளைக்குள்ள புத்து இருந்தாலும் எனக்குத் தெரியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. இன்னைக்கே நிறுத்துங்க. நாள் வந்து ஒரு வாரம் கழிச்சு வாங்க, மறுபடி எடுப்போம்.”

பஸ்ஸில் காரியாபட்டி தாண்டும்போது சொன்னாள். “மெடிக்கல்ல எத்தன நாளைக்குன்னு மட்டும்தாங்க கேட்டாக.” பொங்கல் செய்தியைப் பதினைந்து வருடமாகப் பத்திரிகையில் எழுதுகிறவன் நான். கூட்டம், சிறப்புப் பேருந்து, போலீஸ் காவல். பெண்கள் போடும் அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

மாத்திரையை நிறுத்தினாள். நாலு நாள் விலக்கு வரவில்லை. காலையில் அவள் முகத்தைப் பார்ப்பேன், தலையை அசைப்பாள். ஐந்தாம் நாள் வந்தது. தீச்சட்டி நாளுக்குள் தீட்டு ஒதுக்கம் முடியாது என்று கணக்குப் பார்த்தவளும் அவளேதான். அவளுக்குப் பதிலாக என் தங்கை சட்டி எடுத்தாள். மேளம் தெருவைக் கடந்தபோது மனைவி ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

“சொன்ன வாக்க மாத்திட்டேன். ஆத்தா என்ன நினைப்பாளோ” என்றாள். அவள் அம்மனை நினைத்துப் பயந்தாள். நான் அந்த வெள்ளையை நினைத்து.

இரண்டாவது படத்தில் வெள்ளை இல்லை. தழும்பு மட்டும் நூல் கிடந்தது போல இருந்தது. “இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துருவோம்” என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் மனைவி காலண்டரை இறக்கி, இதுவரை மறைத்தே வைத்திருந்த மாதவிலக்குத் தேதிகளை என் கண் முன்னால் ஒவ்வொன்றாகச் சுழித்தாள்.