அம்மா சொல்லாமல் விட்ட வரி

பக்கவாதம் வந்து வாய் அடைத்துப்போன அப்பா, சில வாரங்கள் கழித்து, மூலக்குளம் வீட்டில் கட்டிலில் சாய்ந்தபடியே திடீரென்று பேசினார். "ஆமோ, ஆமாஸ், ஆமாட்" என்று ஆரம்பித்து ஏதோ ஆறு சொல்லைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார். 'தண்ணி' என்று கேட்க வராத வாய் அது. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அது லத்தீன். மில்லில் தறி ஓட்டப் போவதற்கு முன்னால், சின்ன வயதில் அப்பா மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்தவர். அப்போதெல்லாம் பூசை லத்தீனில்தான். சாமியார் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான் என்று அந்தப் பாஷையில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்வாராம். தப்பினால் முட்டியில் பிரம்படி. அடி வாங்கிப் படித்தது தங்கிவிட்டது, பெண்டாட்டி பெயர் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் போய்க் காட்டுவது?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் இதைக் கேட்டு சந்தோஷப்பட்டாள். மனப்பாடம் செய்தது சிலருக்கு அழியாமல் நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றப் பேச்சையும் இழுத்துவரப் பார்க்கலாம் என்றாள். தமிழிலும் அப்படி ஒரு வரிசை வைத்து, சாப்பாட்டு வேளையில் கூடவே சொல்லச் சொன்னாள். தள்ளிப்போட்டால் பேச்சு வராமலே போகலாம் என்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை.

நான் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். பகலில் அம்மாதான் சொல்லவேண்டும். நான் சாப்ட்டேன், நீ சாப்ட்ட, அவன் சாப்ட்டான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவதில் நின்றுவிட்டாள்.

எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் புருஷனை வா, போ என்றுதான் பேசுவார்கள். அம்மா, கல்யாணமான நாள்முதல் அப்பாவை நீ என்று சொன்னதேயில்லை. சண்டையில்கூட "உங்க மூஞ்சியும் நீங்களும்" என்றுதான் திட்டுவாள்.

"அவரு மூஞ்சப் பாத்து நீன்னு எப்பிடிடி சொல்றது? செத்தாலும் எனக்கு வராது" என்றாள்.

இது வெறும் பாடம்தானே என்று கத்திப் பார்த்தேன். மசியவில்லை. நீங்க என்று மாற்றிச் சொன்னால் ஓட்டம் அறுந்து அப்பா திருதிருவென்று விழித்தார். கடைசியில் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வரி வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு, ஒரு கரண்டி கஞ்சியை அவருக்கு ஊட்டிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுவாள். மூன்று வேளையும் இந்தக் கூத்துதான் நடந்தது.

போகப் போக அப்பாவும் அவளோடு சேர்ந்து முணுமுணுத்தார். ஆனால் அது ஒப்பித்தல்தான், பேச்சில்லை. ஒன்று வேண்டுமென்று கேட்கத் தெரியவில்லை, எங்களைக் கூப்பிடத் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லையே தவிர, எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில் இருந்தேன். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், துணி துவைப்பதும் அவரைத் துடைத்துவிடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தாள். கஞ்சியோடு வந்து உட்கார்ந்து, "நான் சாப்ட்டேன்" என்றாள். அப்பாவும் சொன்னார். வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு கரண்டியை நீட்டினாள்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. நல்ல கையால் கரண்டியை ஒதுக்கிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணி இழுத்தது.

"நீ... சாப்ட்டியா?"

அப்படிக் கேட்க நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா உடைந்து அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"இன்னும் இல்லீங்க" என்றாள்.