பாலம் வரும்போது ஒரு கை

காலை பதினொன்று இருபதுக்கு நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபோது அயனி மரத்தடியில் குடை மட்டும் இருந்தது. விரித்த கறுப்புக் குடை தலைகீழாகக் கிடந்து காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளைக் காணவில்லை.

என் கையில் செல்போன் இருந்தது. அதற்குள் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அவள் மஸ்கட்டில் நர்ஸ். அந்த வீட்டில் இறந்து கிடந்தவர் அவளுடைய தாய்மாமன். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. வந்திருந்தால் அவள் எங்கே உட்கார்ந்து அழுதிருப்பாளோ, அந்த இடத்தில், பெண்களுக்கு நடுவே, நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கொஞ்சம் கிட்ட கொண்டு போங்கோ. மாமாவுக்க முகம் தெரியட்டும்.”

கொண்டுபோனேன்.

“மோளு எங்க? அவ பாத்தாளா?”

“வெளிய நிக்கா” என்றேன். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்வரை அது உண்மை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ரத்தக்காட்டேரிகளைப் பற்றி ஒன்பது பாகங்களில் ஒரு ஆங்கிலக் கதைத்தொடர் உண்டு. அவளுக்கு அதுதான் எல்லாம். நம்மூர்ச் சுடுகாட்டுக் காட்டேரிகள் இல்லை. கோட்டு போட்டவை, கவிதை படிப்பவை, முந்நூறு வயதிலும் நரைக்காதவை. அந்தக் கதைகளில் செத்தவர்கள் மூன்றாம் இரவில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். என் மனைவி நர்ஸிங் படித்த காலத்தில் ஹாஸ்டல் கட்டிலில் படுத்து வாசித்த புத்தகங்கள் அவை. மடிந்த மூலைகளும் எண்ணெய்க் கறையுமாக எங்கள் அலமாரியில் கிடந்தன. அவள் மஸ்கட்டுக்குப் போன மாதம் பிள்ளை முதல் பாகத்தை எடுத்தாள். அதன்பிறகு இருவரும் தினமும் ஒரு அத்தியாயம், அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி, போனில் பேசிக்கொண்டே வாசித்தார்கள். நான் அடுத்த அறையில் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன். திடீரென்று இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்பார்கள். எதற்கென்று கேட்க எழுந்து போனால் சிரிப்பு முடிந்திருக்கும்.

ஒருமுறை முதல் பாகத்தை எடுத்து பள்ளிக்கூடத்தில் ஓய்வுப் பாடவேளைகளில் நாற்பது பக்கம் வாசித்தேன். ராத்திரி சாப்பிடும்போது, “அந்த மூத்தவனுக்கு ஏன் கண்ணாடியக் கண்டா ஆகாது?” என்று கேட்டேன்.

அவள் தோசையிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்பா, நீங்க வாசிக்காண்டாம். அது எனக்கும் அம்மைக்கும் உள்ளது.”

கோபம் ஒன்றுமில்லை. குளிக்கப் போகிறவள் கதவைச் சாத்திக்கொள்வதுபோலச் சொன்னாள். புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

வெளியூர் கிளம்பினால் அவளே ஒரு ரத்தக்காட்டேரி. அப்போது மட்டும் எனக்கு அந்தக் கதையில் ஒரு வேலை கிடைக்கும். பஸ்ஸில் வெயில் விழாத பக்கம் எதுவென்று கணக்குப் போட்டு இடம் பிடிக்க வேண்டும். ஓட்டலில் சட்னியில் பூண்டு உண்டா என்று விசாரிக்க வேண்டும். “பிள்ளைக்கு அலர்ஜியா சார்?” என்று பரிமாறுகிறவர் கேட்பார். “ஆமா, கொஞ்சம்” என்பேன். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை பாலங்களில். ஓடுகிற தண்ணீரை ரத்தக்காட்டேரி தனியாகக் கடக்க முடியாது. சொந்த ரத்தத்தில் ஒருவர் கையைப் பிடித்துக் கடத்திவிட வேண்டும். அம்மா ஊரில் இருந்திருந்தால் அதை அவள் செய்திருப்பாள். இப்போது நான்தானே இருக்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை. சாலையைக் கடக்கும்போதுகூட என் கையைப் பிடிக்க மாட்டாள். பிள்ளைகள் பார்ப்பார்களாம். ஆனால் பாலம் வந்தால் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டுவாள். நான் பிடித்துக்கொள்வேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அக்கரை வந்ததும் கை போய்விடும்.

எங்கள் மாவட்டத்தில் ஆறும் வாய்க்காலும் இல்லாத வழி குறைவு. இருந்தாலும் நான் வழி தேடினேன். நாகர்கோவிலிலிருந்து குழித்துறைக்கு ரயிலில் ஏறினால் சீக்கிரம் போகலாம். பாலங்களும் சீக்கிரம் போய்விடும். அதனால் பஸ்ஸிலேயே கூட்டிப்போனேன். குளச்சலுக்கு மீன் வாங்கப் போனால் பைக்கை வாய்க்கால் பாலங்கள் வழியாகவெல்லாம் சுற்றி விடுவேன். பைக்கில் என்றால் தோளைப் பிடிக்க வேண்டும்.

“அப்பா, இது ஓடுற வெள்ளம் இல்ல. கெட்டிக் கெடக்கு.”

“ஓடுது மக்கா. அந்தா பாரு, எலை போவுது.”

“அது காத்துல போவுது.”

“காத்து எதுத்தாப்புல இருந்துல்லா அடிக்கு.”

யோசித்துப் பார்த்துத் தோளைப் பிடிப்பாள். இதை நான் மனைவியிடம் சொன்னதில்லை. அது எனக்கும் பிள்ளைக்கும் உள்ளது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. வீட்டுக்காரர் வாய் திறந்து அழைக்காமல் ரத்தக்காட்டேரி வாசலைத் தாண்டக் கூடாது. நம்மூரில் இதனால் சிரமமில்லை. கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கே “வாங்க, வாங்க” என்று குரல் வந்துவிடும். அவள் ஒரு கணம் நின்று அதை வாங்கிக்கொண்டு உள்ளே வருவாள். யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தவர் மனைவியின் அந்தத் தாய்மாமன் ஒருவர்தான். மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர். குழித்துறையிலிருந்து உள்ளே தள்ளி ஆற்றங்கரையில் வீடு. என் மகள் அவரைப் பாட்டா என்று கூப்பிடுவாள். விஷயம் தெரிந்தபிறகு அவர் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் வாசலில் வந்து நிற்பார்.

“யாருட்டி அது? என்ன வேணும்?”

“உள்ள வரணும் பாட்டா.”

“எதுக்கு? ரத்தம் குடிக்கவா? எனக்கு சுகர் நானூறு. குடிச்சேன்னா ஒனக்கும் நாளைலேருந்து மாத்திரதான்.”

“பாட்டா, மழ பெய்யுது.”

“காட்டேரிக்கு சளி பிடிக்குமா? எந்தப் பொஸ்தகத்துல எழுதிருக்கு?”

கடைசியில், “செரி, அனுமதி உண்டு, கேறி வா” என்பார். அவள் உள்ளே குதிப்பாள். நான் அதுவரை பின்னால் நனைந்துகொண்டு நிற்பேன். எனக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை, இருந்தாலும் அவளுக்குப் பின்னால்தான் ஏறுவேன்.

அவர் போய்விட்டார் என்று அன்று காலையில் போன் வந்தது. பஸ்ஸில் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை, மடியில் வைத்திருந்தாள். வள்ளியாற்றுப் பாலத்தில் கை நீட்டினாள். குழித்துறைப் பாலத்திலும். பஸ்ஸை விட்டிறங்கி அந்த வீட்டுக்கு நடந்தோம். வாசலில் ஆண்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

“அப்பா, யாரும் கூப்பிடல்லியே.”

“சாவு வீட்டுல கூப்பிட மாட்டாவ மக்கா. வாங்கன்னு சொல்லக் கூடாது. நாமதான் போவணும். திரும்பும்போதும் சொல்லாம எறங்கணும்.”

“யாருமே சொல்ல மாட்டாவளா?”

“மாட்டாவ.”

அவள் வீட்டைப் பார்த்தாள். “அப்ப நான் இங்க நிக்கேன். நீங்க போங்கோ.”

அழுத்தம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெயில் ஏறியிருந்தது. குடையை விரித்துக் கையில் கொடுத்து அவளை அயனி மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அப்போதுதான் மனைவி வீடியோவில் வந்தாள்.

ஜன்னலில் குடை மட்டும் தெரிந்ததும் போனை மைத்துனனிடம் கொடுத்தேன்.

“எங்க போறிய அத்தான்? இப்ப எடுத்துருவாவ.”

“இதா வந்திருதேன்.”

முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கிணற்றடி, கழிப்பறை, ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகை. பிறகு தெரு. ஓடினால் கேட்பார்கள் என்று வேகமாக நடந்தேன். ஒரு சிறிய கோயில், பூட்டியிருந்தது. அடுத்தது ஆறு. மலையில் மழை பெய்திருந்ததால் தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். என் பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. படிகளின் ஓரத்தில் செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். கிடக்கவில்லை. அந்த நேரம் நினைவுக்கு வந்தால் இப்போதும், வகுப்பில் நின்றுகொண்டிருந்தால் மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன்.

படித்துறைக்கு மேலே பாலம். ஒரு கார் போனால் எதிரில் சைக்கிள் ஒதுங்கி நிற்க வேண்டிய பழைய பாலம். அதன் தலைப்பில் ஒரு டீக்கடை.

“கறுப்பு முழுக்கை சட்ட போட்ட பிள்ள ஒண்ணு இந்தப் பக்கம் வந்தாளா? பன்னெண்டு வயசு.”

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே தாடையால் பாலத்தைக் காட்டினார். “ஒரு பிள்ள அக்கரைக்குப் போனா. கொஞ்சம் முன்ன.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

“அப்ப அது எம் பிள்ள இல்ல. அவ தனியா பாலம் கடக்க மாட்டா.”

“அதென்ன, பாலம் கடிச்சிருமா?” என்றார். பெஞ்சில் இருந்தவர் சிரித்தார்.

அவரிடம் எப்படி விளக்குவது. எனக்கு உறுதியாகத் தெரியும். இரண்டு வருஷமாக ஒரு பாலத்தைக்கூட என் கை இல்லாமல் அவள் கடந்ததில்லை. எனவே அவள் இக்கரையில்தான் எங்கேயோ இருக்கிறாள். கணக்கு அதுதான். கணக்கை நம்பி வந்த வழியே திரும்பினேன். வாழைத் தோப்பு, செங்கல் சூளை, பஸ் நிறுத்தம், மூடிக்கிடந்த ரேஷன் கடை. சந்துகளில் நுழைந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு வீட்டில் நாய் குரைத்தது. அங்கிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “யாரத் தேடுதிய?” என்றாள். “பிள்ளைய” என்றேன். பிள்ளையைத் தேடுகிறேன் என்பதை அப்போதுதான் முதல்முறையாக வாயால் சொன்னேன்.

சங்கு ஊதும் சத்தம் கேட்டது. எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் தெருவில் திரும்பி என்னைக் கடந்து போனது. நான் மதிலோடு ஒட்டி நின்றேன். மைத்துனன் ஒரு கையால் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதில் என் மனைவியின் முகம் சின்னதாக ஆடிக்கொண்டே போனது. அவள் என்னைப் பார்த்திருக்க வேண்டும். “என்னங்க? ஏன் இங்க நிக்கிய? மோளு எங்க?” என்று கேட்டது. மைத்துனன் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தான். பதில் சொல்லாமல் தப்பித்தேன். தெரு காலியாயிற்று. சிதறிய பூக்கள் மட்டும் கிடந்தன. அத்தனை பேர் போன தெருவில், மனைவி கடல் தாண்டி, பிள்ளை எங்கென்று தெரியாமல், நான் ஒருவன் நின்றேன்.

திரும்ப டீக்கடைக்கு வந்தேன். இந்த முறை வேறு மாதிரிக் கேட்டேன். “அந்தப் பிள்ள எப்படிப் போனா?”

டீக்கடைக்காரர் இப்போது கேலி செய்யவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“பாலத்துல கேறுமுன்ன கொஞ்ச நேரம் நின்னா சார். தண்ணியப் பாத்துட்டே நின்னா. பொறவு கண்ண மூடிட்டு நடந்தா. நான் விளிச்சேன், ஏ பிள்ள, வண்டி வரும், கண்ணத் தொறந்து நடன்னு. கேக்கல்ல. கைய மட்டும் இப்பிடி வச்சிருந்தா.”

அவர் தன் இடது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, விரல்களை மடக்கிக் காட்டினார்.

பாலத்தை நோக்கிப் போனேன். கைப்பிடிச் சுவர் தொடங்கும் இடத்தில் நின்றேன். அக்கரைச் சாலை வளைவில் தென்னைகள். ஒரு ஆட்டோ வந்து போனது. தலையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால், வெகு பின்னால், கறுப்புச் சட்டை தெரிந்தது. வெயிலில் குடையில்லாமல், சாலையின் நடுவில், ஒரு அவசரமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. பாதிப் பாலத்தில் ஒருமுறை நின்று, சுவருக்கு மேலே எக்கி, கீழே தண்ணீரைப் பார்த்தாள். பிறகு வந்தாள்.

நான் கையை நீட்டியிருந்தேன் என்பது அவள் அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் முகம் முழுக்க அழுத தடம் இருந்தது. அழுகை எங்கேயோ அக்கரையில் முடிந்துவிட்டிருந்தது.

“எடுத்துட்டாவளா?” என்று கேட்டாள்.

“எடுத்துட்டாவ மக்கா.”

தலையாட்டினாள். என் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னாள்.

“தனியா கடந்து பாத்தேன்ப்பா. போவும்போதும், வரும்போதும். ஒண்ணும் ஆவல்ல.”