ஐந்தாம் பாகம் வரை முடி வெட்டக் கூடாது

நான் இயேசுவாக நடித்ததற்கு என் தலைமுடிதான் காரணம். நடிப்பு எனக்கு வராது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்காரரிடம் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுவது என் வேலை. பார்டரில் மயில் எங்கே திரும்ப வேண்டும், முந்தியில் எத்தனை அன்னம் வர வேண்டும் என்று கட்டம் கட்டமாகத் திரையில் குறித்துக் கொடுப்பேன். அப்பாவும் தம்பியும் வீட்டில் தறி நெய்தார்கள்.

அந்த முடி வேண்டுதல் முடி. அப்பாவுக்குச் சென்னையில் இருதய ஆபரேஷன் நடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் மூத்த மகன் திருத்தணிக்கு வந்து மொட்டை போடுவான் என்று அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டாள். அப்பா பிழைத்து வந்தார். ஆனால் கொஞ்ச நாளைக்கு மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. அப்படித் தள்ளித் தள்ளிப் போனதில் முடி தோளைத் தொட்டது. தாடியும் நெஞ்சுக்கு இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் டைரக்டர் எங்கள் கடைக்கு வந்தார். தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டிருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். இயேசுவின் வாழ்க்கையை ஐந்து பாகங்களாக எடுத்து யூடியூபிலும் சபைகளிலும் போட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. தையலே இல்லாமல் கழுத்திலிருந்து கால்வரை ஒரே நெசவாக ஓர் அங்கி வேண்டும், நெய்து தர முடியுமா என்று கேட்க வந்திருந்தார். கடைக்காரர் அவரை என்னிடம் அனுப்பினார். அவர் அங்கியை மறந்துவிட்டு என்னையே பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

நின்றேன்.

"சிரிக்காம என்னைப் பாருங்க."

பார்த்தேன். அவர் கண்களை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சார், நாங்க முருகனக் கும்பிடறவங்க," என்றேன்.

"அது ஒண்ணும் தடையில்ல தம்பி. உங்க முகம் போதும்."

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம வீட்லேர்ந்து ஒருத்தன் படத்துல வரப்போறான். இத வுட்டுட்டு இன்னா மொட்ட வேண்டிக் கிடக்குது?" என்றார். அம்மா யோசித்தாள். பிறகு அவளும், "சாமி எங்க போய்டப் போவுது? படம் முடிஞ்சதும் போய் எறக்கிட்டு வந்துடலாம்," என்றாள்.

ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் முழுக்க என் உடம்பைப் பற்றித்தான் இருந்தது. ஐந்து பாகமும் முடிகிறவரை தலைமுடியையும் தாடியையும் வெட்டக் கூடாது. உடல் எடை ஏறவோ இறங்கவோ கூடாது. வெளியிடங்களில் புகைக்கவோ குடிக்கவோ கூடாது. நெற்றியில் மதச் சின்னம் தெரியக் கூடாது. ஒரு வருட வேலை என்றார்கள். எனக்குப் புகையும் குடியும் கிடையாது. திருநீற்றை மட்டும் வீட்டுக்குள் பூசிக்கொண்டு, வெளியே வரும்போது அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

திருப்புட்குழிக்கு அப்பால் ஒரு தரிசு நிலத்தில் எருசலேமைக் கட்டினார்கள். பிளைவுட், சாக்குத்துணி, அதன் மேல் சுண்ணாம்பு நிறம். சுற்று ஊர்களில் நாற்று நடுகிற பெண்களும் ஏரி வேலைக்குப் போகிற ஆண்களும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு யூதர்கள் ஆனார்கள். முதல் நாளே எனக்கு வசனம் மறந்தது. டைரக்டர் கோபப்படவில்லை. "பேச வேணாம் தம்பி, நடந்து வாங்க. குரல் பின்னாடி பாத்துக்கலாம்," என்றார். பிறகு சென்னையில் ஒரு சிறிய அறையில் என்னையே உட்கார வைத்துச் சொற்களைத் துண்டு துண்டாகச் சொல்ல வைத்தார். அந்தக் குரல் நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

முதல் பாகம் வெளியானதும் என் தெரு மாறிவிட்டது. டீக்கடையில் நான் போனால் பேச்சு நின்றது. பேருந்து நிலையத்தில் ஒரு பெண் தன் குழந்தையை என் முன்னால் நிறுத்தி, "தாத்தாவக் கும்புடு," என்றாள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கோயில் தெருவில் திருநீறு பூசிய நெற்றியோடு நான் நிற்கும் பழைய போட்டோ ஒன்றை யாரோ போனில் அனுப்பிவைக்க, அது எங்கெங்கோ போயிற்று. இவன் எப்படி எங்கள் ஆண்டவராக நடிக்கலாம் என்று ஒரு பக்கம் திட்டினார்கள். எங்கள் தெருக்காரர்கள், "மாறிட்டியாபா? சொல்லிடு, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்று கேட்டார்கள். நான் முருகனைக் கும்பிடுகிறவன்தான், இது வெறும் நடிப்பு என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். இரண்டு பக்கமும் நம்பவில்லை.

மூன்று பாகங்கள் முடிந்தன. நான்காவதுதான் சிலுவை. அதற்கு ஐந்து நாள் முன்னால், காலையில் தறிக்குழியில் இறங்கக் காலை வைத்த அப்பா அப்படியே சாய்ந்தார்.

டைரக்டர் மாலையோடு வந்து அப்பாவின் காலடியில் வைத்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"தம்பி, நீங்க எது செஞ்சாலும் சரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டு மொட்டை அடித்திருப்பேன். ஒப்பந்தத்தைக் காட்டியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வெயிலில் போய் நின்றுகொண்டார். சிலுவைக் காட்சிக்கு இருநூறு பேர் வருவதற்கு ஏற்பாடாகியிருந்தது. மூன்று பாகங்களாக என் முகத்தை நம்பி ஜனங்கள் காத்திருந்தார்கள்.

சுடுகாட்டில் முடி மழிப்பவர் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் உட்காரவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"இன்னாடா நின்னுக்கினு இருக்குற? உக்காரு."

தம்பி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். சட்டையைக் கழற்றிவிட்டு அவன் போய் உட்கார்ந்தான்.

"நான் வெக்கறேன் பெரியப்பா. அண்ணனுக்குப் படம் இருக்குது."

"பெரியவன் உசுரோட இருக்கும்போது சின்னவன் கொள்ளி வெக்கறதா?" என்றார் பெரியப்பா. தம்பியின் தலையிலிருந்து முடி விழுந்துகொண்டிருந்தது. அவன்தான் குடம் சுமந்து சுற்றி வந்தான், அவன்தான் நெருப்பு வைத்தான். நான் தோள்வரை முடியோடு, துக்கத்துக்கு வந்தவர்களோடு ஒருவனாக நின்றேன். நான் போய் உட்கார்ந்திருந்தால் என்னை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அதை இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் தீட்டோடு படப்பிடிப்புக்குப் போனேன். கூட்டம் என்னைக் கொல்லச் சொல்லிக் கத்த வேண்டிய காட்சி. எல்லோரும் கத்தினார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு வயதான விவசாயப் பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. உதவி டைரக்டர் அவரிடம் போய்க் கேட்டார்.

"அந்தப் புள்ளயோட அப்பன் செத்து அஞ்சு நாள்கூட முழுசா ஆவல. அவனப் பாத்து சாவடின்னு கத்தச் சொல்றியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றார். அவரைப் பின்வரிசைக்கு மாற்றிவிட்டுத் திரும்ப எடுத்தார்கள்.

சிலுவையில் கைகளையும் இடுப்பையும் தோல் வாரால் கட்டினார்கள். காலுக்கு ஒரு சின்னக் கட்டை. இறக்கித் திரும்பக் கட்ட ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் என்னை இறக்கவில்லை. கீழே எல்லோரும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். மேக்கப் செய்கிற அக்கா ஏணியில் ஏறி உறிஞ்சுகுழாயில் மோர் கொடுத்தார். புருவத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதை ஓட்ட எனக்குக் கை இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வயல்களுக்கு அப்பால் பேருந்துகள் காஞ்சிபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வீட்டில் அம்மா வெறும் தரையில் உட்கார்ந்திருப்பாள், தம்பி மொட்டைத் தலையோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அழுகை வந்தது. சாப்பாடு முடிந்து கேமரா ஓடத் தொடங்கியபோதும் நிற்கவில்லை. கட் சொன்ன பிறகும் நிற்கவில்லை. டைரக்டர் மண்டியிட்டு அழுதார். என்னை இறக்குங்கள் என்று நான் கத்தினேன். அதையும் அவர்கள் நடிப்பு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புனித வெள்ளியன்று அந்தப் பாகம் வெளியானது. வாலாஜா பக்கம் ஒரு சபையின் மைதானத்தில் பெரிய திரை கட்டிக் காட்டினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்தேன். சிலுவைக் காட்சியில் மைதானமே தேம்பியது. முடிந்து எழுந்தபோது ஒரு பெண் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நடக்க முடியாத தன் கணவரை நாற்காலியோடு என் முன்னால் இழுத்து வந்தார்.

"இவரு தலைல கைய வைங்க."

"அம்மா, நான் நடிகன். எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது."

"நடிகர்னு தெரியும்பா. எனக்கின்னா பைத்தியமா? நீங்க கைய வைங்க, நான் ஜெபம் பண்ணிக்கறேன்."

வைத்தேன். அந்த மனிதரின் தலை சூடாக இருந்தது. அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். என் சங்கடம் அவருக்குப் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாகிவிட்டது. நான் எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை.

இனி உயிர்த்தெழுதல் மட்டும் பாக்கி. அந்த வருடம் அடித்த புயலில் எருசலேம் சரிந்தது. நனைந்த பிளைவுட்டை ஊர்க்காரர்கள் எடுத்துப் போய் மாட்டுக்கொட்டகைகளுக்கு அடைத்தார்கள். பிறகு டைரக்டருக்கும் அவருக்கு உதவிய சபைக்காரர்களுக்கும் ஐந்தாம் பாகத்தின் கதையில் கருத்து வேறுபாடு வந்தது. நான் போன் செய்யும்போதெல்லாம், "இன்னும் ரெண்டே மாசம் தம்பி," என்றார். பார்க்கிறவர்கள் எல்லாம் எப்போது உயிர்த்தெழப் போகிறீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டுவிட்டார். "தப்பா நினைக்காதீங்க. ஒங்கள மாப்ளன்னு கூப்பிட எனக்கு வாய் வராது," என்றார்.

அப்பாவின் முதல் திதி வந்தது. ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொள்ளி வெச்சவர் யாரோ அவர் வந்து உட்காருங்கோ," என்றார். "அண்ணன் உக்காரட்டும் சாமி," என்றான் தம்பி. "ஆரம்பிச்சவர்தான் பண்ணணும்," என்றார் ஐயர். தம்பி உட்கார்ந்தான். எள்ளும் தண்ணீரும் விடும்போது திரும்பி, "என் கையத் தொட்டுக்கண்ணா," என்றான். அவன் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் அம்மாவோடு திருத்தணிக்குப் பஸ் ஏறினேன். டைரக்டருக்குச் சொல்லவில்லை. முடி இறக்குகிறவர், "இவ்ளோ முடியா!" என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை பிளேடு மாற்றினார். யாருக்காக வேண்டிக்கொண்டதோ அவர் இல்லை. சன்னதியில் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஊருக்கு வந்து போன் செய்தேன். மொட்டை போட்டுவிட்டதைச் சொன்னேன். டைரக்டர், "தாடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா சார்."

"சரி தம்பி. நான்தான் ரொம்ப காக்க வெச்சிட்டேன்."

ஆறு மாதம் கழித்து வேறொருவரை முதுகுப் பக்கமாகவே வைத்து, வெளிச்சத்தில் முகம் தெரியாமல் ஐந்தாம் பாகத்தை எடுத்தார். குரலுக்கு என்னைக் கூப்பிட்டார். போனேன். திரையில் யாருடைய முதுகோ கல்லறையிலிருந்து வெளியே நடந்தது. நான் அதற்குப் பேசினேன். ஜனங்கள் அதையும் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

அம்மா போனில் பார்த்தாள்.

"கொரலு ஒன்னுது. ஆளு வேற ஆளா?"

"ஆமாம்மா."

"ஒங்கப்பா இருந்தா கண்டுபுடிச்சிருக்க மாட்டாரு. நீதான்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிவாரு."

இப்போது எனக்குச் சாதாரண கிராப்புதான். தெருவில் யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்வதில்லை. ஆனால் புனித வெள்ளி வந்தால் நான்காம் பாகத்தைத் திரும்பப் போடுகிறார்கள். சிலுவையில் நான் அழுகிற அந்தத் துண்டை மட்டும் வெட்டி எனக்கே அனுப்புகிறார்கள், என்ன நடிப்பு என்று எழுதி. இந்த வருடமும் வந்தது. திறக்காமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்டரில் திரும்பாமல் நின்ற ஒரு மயிலைச் சரிசெய்தேன்.